பழைய வில்லுக்குப் புது நாண்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கணும்? முழு விளக்கம்

இராமன் நாணேற்றி வளைத்தபோது சிவதனுசு முறிந்த கதை நமக்கெல்லாம் தெரியும். கதையில் அது வெற்றி. நிஜத்தில் நம்ம கையில் இருக்கும் வில் முறிந்தால் அது நஷ்டம். முகத்துக்குப் பக்கத்தில் முறிந்தால் காயமும் சேர்ந்து வரும்.

நல்ல நிலையில் இருக்கும் ஒரு வில் முறிய முக்கியமான காரணங்களில் ஒன்று, அதற்குப் பொருந்தாத நாண். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் வெளியான முதல் நூல் 'டாக்ஸோஃபிலஸ்'. 1545-ல் வந்த அந்த நூலிலேயே அதன் ஆசிரியர் ரோஜர் ஆஸ்கம், மோசமான நாணால் நல்ல வில்கள் பல வீணாவதை எச்சரித்திருக்கிறார்.

வில்லின் விலையோடு ஒப்பிட்டால் நாணின் விலை ரொம்பக் குறைவு. அதனால்தான் பலரும் யோசிக்காமல் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஆனால் எந்த நாண் என்பதை முடிவு செய்ய வேண்டியது விலையோ வேகமோ அல்ல. அதை முடிவு செய்வது வில்தான்.

லாங்போ, ரிகர்வ் போன்ற பாரம்பரிய வில்லுக்கு மாற்று நாண் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நாண் அப்படி என்ன வேலை செய்கிறது?

வில்லை இழுக்கும்போது, லிம்ப் எனப்படும் மேல் கையும் கீழ்க் கையும் வளைந்து ஆற்றலைச் சேர்த்து வைக்கின்றன. விட்டவுடன் அந்த ஆற்றல் நாண் வழியாக அம்புக்குப் போகிறது. அம்பு கிளம்பும் நொடியில் முன்னோக்கிப் பாயும் இரண்டு கைகளையும் இழுத்துப் பிடித்து நிறுத்துவதும் இதே நாண்தான்.

அந்த 'சடக்' என்ற நிறுத்தத்தில் நாண் மீது விழும் விசை, நாம் இழுத்த எடையைவிடப் பல மடங்கு அதிகம். நாண் கொஞ்சம் நீண்டு கொடுத்தால் அதிர்ச்சி மெத்தை மீது விழுந்த மாதிரி தணியும். நீளவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் மொத்த அதிர்ச்சியும் வில்லின் இரண்டு நுனிகளிலும் இறங்கும்.

புது வில்லின் நுனி அதைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கலாம். பழைய வில்லின் நுனி? அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

நாணுக்கு முன்னால் வில்லைப் பாருங்கள்

பரணில் கிடந்த வில், பழைய பொருள் கடையில் வாங்கிய வில், யாரோ பரிசாகக் கொடுத்த வில்... எதுவானாலும் நாண் வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அதைச் சோதித்துப் பாருங்கள்.

* இரண்டு கைகளிலும் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குறுக்கே விரிசல், எழும்பிய நார், பிளவு இருக்கிறதா?
* மரமும் ஃபைபர் கிளாஸும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட வில் என்றால், அடுக்குகளுக்கு நடுவே ஒட்டு விட்டிருக்கிறதா?
* நாண் மாட்டும் பள்ளங்களில் வெட்டுப்பட்ட கோடு இருக்கிறதா?
* ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தால் கைகள் முறுக்கிக்கொண்டு தெரிகின்றனவா?

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நாண் மாட்ட வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சுவரில் அலங்காரமாக மாட்டி வைக்க மட்டுமே தகுந்த வில்களும் உண்டு.

அடுத்து, வில்லில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் கைப்பிடிக்கு அருகிலோ கீழ்க் கையின் உட்பக்கத்திலோ இரண்டு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு, '62' என்றும் '45# @ 28' என்றும் இருக்கலாம்.

முதலாவது வில்லின் நீளம்: 62 அங்குலம். இரண்டாவது இழுவிசை: 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்ட். இங்கே # என்பது பவுண்டைக் குறிக்கும் குறி. இழுக்கும் தூரம் ஓர் அங்குலம் கூடினால் எடை சுமார் 2 முதல் 3 பவுண்ட் கூடும்.

நாண் வாங்க இந்த இரண்டு எண்களும் வேண்டும். நீளத்தைக் கொண்டு நாணின் நீளத்தையும், இழுவிசையைக் கொண்டு இழைகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்யலாம்.

நீளக் கணக்கில் எங்கே ஏமாறுகிறோம்?

வில்லின் நீளமும் நாணின் நீளமும் ஒன்றல்ல. நாண் குட்டையாக இருந்தால்தான் வில் வளைந்து நிற்கும். எவ்வளவு குட்டை?

ஏ.எம்.ஓ. என்ற அமெரிக்க வில் உற்பத்தியாளர் அமைப்பு வகுத்த அளவுமுறையைத்தான் பெரும்பாலான கடைகள் பின்பற்றுகின்றன. புழக்கத்தில் இருக்கும் தொடக்கக் கணக்கு இது:

* லாங்போ என்றால், வில்லின் நீளத்தில் 3 அங்குலம் கழிக்க வேண்டும்.
* ரிகர்வ் என்றால், வில்லின் நீளத்தில் 4 அங்குலம் கழிக்க வேண்டும்.

அதாவது 62 அங்குல ரிகர்வ் வில்லுக்கு 58 அங்குல நாண். 68 அங்குல லாங்போவுக்கு 65 அங்குல நாண்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் நாண் உறை மீது 'ஏ.எம்.ஓ. 62' என்று இருந்தால் அந்த நாண் 62 அங்குலம் நீளம் என்று அர்த்தம் இல்லை. '62 அங்குல வில்லுக்கான நாண்' என்று அர்த்தம். கழிக்க வேண்டியதை அவர்களே கழித்துவிட்டார்கள்.

இது தெரியாமல் வீட்டில் ஒருமுறை கழித்து, 'ஏ.எம்.ஓ. 58' என்று கேட்டு வாங்கினால் கைக்கு வருவது 54 அல்லது 55 அங்குல நாண். அதை வலுக்கட்டாயமாக மாட்டினால் வில் அளவுக்கு மீறி வளைந்து நிற்கும். சில வில்கள் அங்கேயே முறியும்.

அதனால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது வில்லோட நீளமா, நாணோட நீளமா?" அவ்வளவுதான். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வில்லில் எண் அழிந்துபோயிருந்தால்?

நாண் இல்லாத நிலையில் வில்லின் வெளிப்பக்கத்தில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில், டேப் வைத்து அளக்கலாம். மேல் பள்ளத்திலிருந்து கீழ்ப் பள்ளம் வரை வளைவை ஒட்டியே டேப் போக வேண்டும். நேர்க்கோட்டில் அளந்தால் கணக்கு தப்பும்.

நன்றாக வேலை செய்த பழைய நாண் இருந்தால் இன்னும் சுலபம். அதை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணியின் வெளிநுனியிலிருந்து மறு கண்ணியின் வெளிநுனி வரை அளந்தால் போதும். அதனால் பழைய நாணைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டாக்ரானா, 'ஃபாஸ்ட் ஃப்ளைட்'டா?

இதுதான் முக்கியமான கேள்வி. தவறான பதிலுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கும் கேள்வியும் இதுதான்.

ஒரு காலத்தில் நாண் என்றால் விலங்கின் தசைநார், பட்டு, சணல் வகை நார், ஆளி நார் இவைதான். 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலியஸ்டர் வந்தது. வில்லாளிகள் மத்தியில் அதற்கு டாக்ரான் என்று பெயர். 'பி-50', 'பி-55' என்ற பெயர்களில் விற்கப்படும் நூல்கள் இந்த வகைதான்.

அடுத்து கெவ்லார் வந்தது. அது நீளாது, வேகம் தரும். ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று அறுந்துவிடும். அதனால் பலரும் அதைக் கைவிட்டார்கள்.

1980-களில் பாலிஎத்திலீன் வகை இழைகள் வந்தன. ஸ்பெக்ட்ரா, டைனீமா என்பவை இந்த இழைகளின் வணிகப் பெயர்கள். அதில் முதலில் பிரபலமான நாண் நூலின் பெயர் 'ஃபாஸ்ட் ஃப்ளைட்'. இன்று இந்த வகை எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் அப்படியே சொல்கிறார்கள்.

டாக்ரான் நீண்டு கொடுக்கும், அதிர்ச்சியைத் தணிக்கும். ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை கிட்டத்தட்ட நீளாது. எடை குறைவு, வலிமை அதிகம். அதனால் அம்பு வினாடிக்குச் சில அடிகள் கூடுதல் வேகத்தில் போகும். நாணும் நாள்பட நீண்டு தளர்வது குறைவு.

அப்படியென்றால் ஃபாஸ்ட் ஃப்ளைட்டே நல்லதுதானே? எல்லா வில்லுக்கும் இல்லை.

1980-களுக்கு முன் செய்யப்பட்ட வில்கள், நீண்டு கொடுக்கும் நாணை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் நுனியில் கூடுதல் வலுவூட்டல் பெரும்பாலும் இருக்காது. நீளாத, மெல்லிய நாணை அதில் மாட்டினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒவ்வொரு எய்தலிலும் அதிர்ச்சி நேராக நுனிக்குப் போகும். மெல்லிய கண்ணி கத்தி மாதிரி பள்ளத்தை அறுக்கும். ஒருநாள் நுனி நீளவாக்கில் பிளக்கும்.

முதல் பத்து அம்பில் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. "நான் மாட்டினேன், நல்லாத்தான் போகுது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டிருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எப்படி முடிவு செய்வது?

* வில்லைச் செய்தவர் அல்லது தயாரித்த நிறுவனம் 'ஃபாஸ்ட் ஃப்ளைட் நாணுக்கு ஏற்றது' என்று சொல்லியிருந்தால் தாராளமாக வாங்கலாம்.
* அப்படி எந்தத் தகவலும் இல்லையா? டாக்ரான்.
* வில்லின் வயது தெரியவில்லையா? டாக்ரான்.
* நுனியில் வலுவூட்டல் இல்லாத மர வில், மூங்கில் வில்லா? செய்தவர் வேறு மாதிரி சொல்லாதவரை டாக்ரான்.

வினாடிக்குச் சில அடி வேகம் போனால் இலக்கில் பெரிய வித்தியாசம் வராது. நுனி பிளந்தால் வில்லே போய்விடும்.

நுனியில் கூடுதல் தகடு ஒட்டியிருப்பதைப் பார்த்து நாமே முடிவு செய்யலாமா? கூடாது. அழகுக்காக ஒட்டப்பட்ட தகடும் உண்டு.

இழை எத்தனை வேண்டும்?

ஒரு நாண் என்பது பல இழைகளின் சேர்க்கை. பி-50 டாக்ரானின் ஒரு இழை சுமார் 50 பவுண்ட் வரை தாங்கும். நாணின் மொத்த வலிமை வில்லின் இழுவிசையைப் போல் குறைந்தது நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி. நடைமுறையில் அதற்கும் மேலேயே வைக்கிறார்கள். ஏனென்றால் தேய்மானம் இருக்கிறது, கண்ணியில் வளைவு இருக்கிறது, எய்யும்போது வரும் அதிர்ச்சியும் இருக்கிறது.

டாக்ரான் நாணுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் எண்ணிக்கை:

* 25 முதல் 35 பவுண்ட் வரை: 10 இழை
* 35 முதல் 45 பவுண்ட் வரை: 12 இழை
* 45 முதல் 60 பவுண்ட் வரை: 14 இழை
* 60 பவுண்டுக்கு மேல்: 16 இழை

நூலுக்கு நூல் இது கொஞ்சம் முன்னே பின்னே மாறும். நூல் தயாரிப்பாளரின் பரிந்துரை கையில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

"பாதுகாப்புக்கு இருக்கட்டும், இருபது இழை போடலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. நாண் கனமானால் அம்பின் வேகம் குறையும். அதைவிட முக்கியம், அம்பின் வால்பகுதியில் இருக்கும் 'நாக்' எனப்படும் பிளவு நாணில் சரியாக உட்காராது.

எதிர்த் தவறும் உண்டு. ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நூலில் ஒரு இழையின் வலிமை டாக்ரானைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பாதி இழை போதுமே என்று தோன்றும். அறுந்துவிடாது என்ற கணக்கில் அது சரிதான். ஆனால் நாண் மெலிந்தால் நுனியை அறுக்கும், விரலையும் அறுக்கும். கண்ணிப் பகுதியில் மட்டும் கூடுதல் இழை சேர்த்துத் தடிமனாக்கும் பழக்கம் இதற்காகத்தான் வந்தது.

ஃபிளெமிஷ் முறுக்கா, முடிவில்லா கண்ணியா?

பாரம்பரிய வில்லுக்கு இரண்டு வகை நாண்கள் அதிகம் கிடைக்கின்றன.

ஃபிளெமிஷ் முறுக்கு: இழைகளை இரண்டு அல்லது மூன்று புரிகளாகப் பிரித்து, கயிறு திரிப்பது போலத் திரித்து, முனையிலேயே கண்ணியை உருவாக்குவார்கள். கண்ணி தடிமனாக இருக்கும். அதனால் பழைய வில்லின் நுனிக்கு நல்லது. முறுக்கைக் கூட்டியோ குறைத்தோ நீளத்தையும் சற்றே மாற்றிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: முறுக்கை முழுசாகப் பிரித்துவிட்டால் கண்ணியே கழன்றுவரும்.

முடிவில்லா கண்ணி: ஒரே நூலை இரண்டு கம்பங்களுக்கு நடுவே திரும்பத் திரும்பச் சுற்றி, முனைகளில் மேல்நூல் சுற்றிக் கண்ணியாக்குவார்கள். எல்லா இழையும் ஒரே விறைப்பில் இருக்கும்.

இரண்டுமே நல்லவைதான். வில்லின் நீளம் உறுதியாகத் தெரியாதவர்களுக்கும் முதல்முறை வாங்குபவர்களுக்கும் ஃபிளெமிஷ் வசதி. சின்னத் தவறு நேர்ந்தாலும் முறுக்கில் சரிசெய்துகொள்ள இடம் இருக்கும்.

நாணின் இரண்டு கண்ணிகளும் ஒரே அளவில் இருக்காது என்பதையும் கவனியுங்கள். பெரிய கண்ணி மேல் கைக்கு. நாணைக் கழற்றியபோது அது கையில் வழுக்கிக் கீழே இறங்க இடம் வேண்டும். சிறிய கண்ணி கீழ்க் கைக்கு. ஆங்கிலேய லாங்போக்கள் சிலவற்றில் கீழே கண்ணியே இருக்காது. நாணின் முனையை நேராக முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள்.

மாட்டும்போது எந்தப் பக்கம் வளைப்பது?

சிரிக்க வேண்டாம். ரிகர்வ் வில்கள் உடைவதற்கு இது உண்மையான காரணம்.

நாண் இல்லாத ரிகர்வ் வில்லின் நுனிகள் எய்பவரை விட்டு விலகி, இலக்கின் பக்கம் வளைந்திருக்கும். அது தெரியாதவர்கள் 'ஏற்கெனவே வளைந்துதானே இருக்கு' என்று அதே பக்கம் இன்னும் வளைத்து நாணை மாட்டிவிடுவார்கள். அது தலைகீழ். அப்படியே இழுத்தால் வில் உடையும். இயல்பான வளைவுக்கு எதிர்ப்பக்கமாக வளைத்துத்தான் நாணேற்ற வேண்டும்.

காலுக்கு நடுவே வில்லை விட்டுத் தொடையால் அழுத்தி மாட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அதில் கை ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ளும். வில் நழுவினால் முகத்தில் அடிக்கும்.

அதற்குப் பதில் 'ஸ்ட்ரிங்கர்' என்ற கயிறு கிடைக்கிறது. இரண்டு முனைகளிலும் தோல் உறை வைத்த கயிறு அது. உறைகளை வில்லின் நுனிகளில் மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டு கைப்பிடியை மேலே தூக்கினால் இரண்டு கைகளும் சமமாக வளையும். மேல் கண்ணியை நகர்த்திப் பள்ளத்தில் உட்கார வைக்கலாம். நாண் வாங்கும்போதே இதையும் வாங்கிவிடுங்கள்.

மாட்டி முடித்ததும், இழுப்பதற்கு முன், இரண்டு கண்ணிகளும் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நாண் இரு கைகளின் நடுக்கோட்டில் ஓட வேண்டும்.

நாண் சரியான நீளம்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு ஒரு அளவு இருக்கிறது. நாணிலிருந்து கைப்பிடியின் ஆழமான பகுதி வரை உள்ள தூரம் அது. ஆங்கிலத்தில் 'பிரேஸ் ஹைட்' என்பார்கள்.

* லாங்போ: பெரும்பாலும் 6 முதல் 7.5 அங்குலம்
* ரிகர்வ்: பெரும்பாலும் 7.5 முதல் 9 அங்குலம்

தயாரித்தவர் சொன்ன எண் இருந்தால் அதுவே இறுதி. அளவுகோல் கையில் இல்லையா? லாங்போவின் கைப்பிடி மீது முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நீட்டினால் விரல் நுனி நாணைத் தொட வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு.

தூரம் குறைவாக இருந்தால் நாண் முன்கையில் அடிக்கும், சத்தமும் அதிகம். அப்போது நாணைக் கழற்றி முறுக்கைக் கூட்டுங்கள். நாண் குட்டையாகும், தூரம் கூடும். தூரம் அதிகமாக இருந்தால் வில் எப்போதும் கூடுதல் அழுத்தத்தில் நிற்கும், அம்பைத் தள்ளும் தூரமும் குறையும். முறுக்கைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் நாண் நீளம் தவறு. மாற்றி வாங்குவதுதான் வழி.

புது டாக்ரான் நாண் முதல் சில நாட்களில் நீளும். இது குறை இல்லை, இயல்பு. இருபது, முப்பது அம்பு எய்த பிறகு மறுபடி அளந்து, தேவைப்பட்டால் முறுக்குங்கள். அளவு நிலைத்த பிறகே அம்பு வைக்கும் இடத்தைக் குறிக்கும் பித்தளை வளையத்தை இறுக்க வேண்டும்.

அம்பு உட்காரும் இடத்தையும் சோதியுங்கள்

நாணின் நடுவில் தேய்மானத்தைத் தடுக்க மேல்நூல் சுற்றியிருப்பார்கள். இதற்கு 'சர்விங்' என்று பெயர். அம்பின் நாக் இங்கேதான் மாட்டப்படும்.

சோதனை எளிது. அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அது தானாக விழக்கூடாது. நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும்.

தானாக விழுந்தால் பிடி தளர்வு. இழுக்கும்போது அம்பு கழன்று, அம்பில்லாமல் நாண் விடுபடும் ஆபத்து உண்டு. தட்டியும் விழாவிட்டால் பிடி இறுக்கம். அம்பு சீராகப் போகாது, நாக் உடையவும் வாய்ப்பு உண்டு. சர்விங் நூலின் தடிமனை மாற்றினால் இரண்டும் சரியாகும்.

அம்பில்லாமல் நாணை விடுவது பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்யவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பும். எய்யும்போது நாண் அறுந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். மிக லேசான அம்பும் கிட்டத்தட்ட அதையே செய்யும். பழைய வில்லுக்கு ஒரு பவுண்ட் இழுவிசைக்கு 10 கிரெயின் எடை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 45 பவுண்ட் வில்லுக்கு அம்பு 450 கிரெயின், அதாவது சுமார் 29 கிராம்.

இந்த நாண்கள் வேண்டவே வேண்டாம்

* நைலான் கயிறு: அளவுக்கு மீறி நீளும். வில் தளர்ந்து போகும், அளவு நிலைக்காது.
* மீன்பிடி நரம்பு: இந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. மெலிந்து இருப்பதால் நுனியையும் விரலையும் அறுக்கும்.
* காம்பவுண்ட் வில்லின் நாண்: சக்கரங்கள் வைத்த வில்லுக்கானது. அளவும் அமைப்பும் வேறு.
* முடிச்சுப் போட்டு ஒட்டவைத்த அறுந்த நாண்: அறுந்த இழையை முடிச்சால் காப்பாற்ற முடியாது.

எல்லாப் பாரம்பரிய வில்லுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. ஜப்பானின் 'யூமி' வில் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். கைப்பிடி நடுவில் இல்லாமல் கீழே இருக்கும். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம் சுமார் 15 சென்டிமீட்டர். சணல் வகை நாரில் செய்த பாரம்பரிய நாணும் செயற்கை இழை நாணும் அங்கே புழக்கத்தில் உள்ளன. மூங்கில் யூமிக்குச் சணல் நாணே நல்லது என்று கருதுபவர்கள் பலர். அந்த நாண் சீக்கிரம் அறுந்துவிடும், ஆனால் வில்லைக் காப்பாற்றும் என்பது அவர்கள் வாதம்.

கொம்பும் தசைநாரும் சேர்த்துச் செய்யும் துருக்கி, கொரியா நாட்டு வில்களில் நாணும் கண்ணியும் அந்தந்த வில்லின் அமைப்புக்கென்றே செய்யப்படுகின்றன. அவற்றுக்கு 4 அங்குலம் கழிக்கும் கணக்கு செல்லாது. அந்த வில்லைச் செய்பவரிடம்தான் நாண் வாங்க வேண்டும்.

இந்தியாவில் மூங்கில் வில்லுக்கு இன்றும் தனி இடம் உண்டு. தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற பெயரில் அதற்குத் தனிப் பிரிவே நடக்கிறது. மத்திய இந்தியப் பழங்குடி மக்களின் வில்களில் நாணும் மூங்கில்தான். மூங்கிலின் வெளிப்பட்டையைச் சீவி எடுத்த நீண்ட பட்டை அது. அங்கே வில்லும் நாணும் ஒரே இடத்தில், ஒரே ஆளின் கையில், ஒன்றுக்கொன்று பொருத்தமாகப் பிறக்கின்றன. கடையில் தனியாக நாண் வாங்கும் நாமும் அந்தப் பொருத்தத்தைத்தான் தேடுகிறோம்.

எப்போது மாற்ற வேண்டும்?

* ஒரு இழை அறுந்தாலும் உடனே மாற்றுங்கள். 'இன்னும் பதினொண்ணு இருக்கே' என்று எய்ய வேண்டாம்.
* கண்ணி உட்காரும் இடத்தில் இழை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.
* காரணமே இல்லாமல் நாண் தொடர்ந்து நீண்டுகொண்டே போனால் மாற்றுங்கள்.
* சர்விங் பிரிந்தால் அதை மட்டும் புதிதாகச் சுற்றலாம். அடியில் உள்ள இழைகள் நன்றாக இருக்க வேண்டும்.
* மேலே பஞ்சு போலப் பிசிறு தெரிந்தால் மெழுகு கேட்கிறது என்று பொருள். தேன்மெழுகு அல்லது நாணுக்கான மெழுகைத் தடவி, விரல் சூட்டில் தேய்த்து உள்ளே இறக்குங்கள். சர்விங் மீது மெழுகு தேவையில்லை.

மர வில் என்றால் எய்து முடித்ததும் நாணைக் கழற்றி வையுங்கள். கார் டிக்கியில், வெயிலில், நாணேற்றிய நிலையில் எந்த வில்லையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐந்து தகவல்களை போனில் குறித்துக்கொண்டு போனால் போதும்.

1. வில்லின் வகை: லாங்போவா, ரிகர்வா?
2. வில்லின் நீளம், அல்லது அளந்து பார்த்த பழைய நாணின் நீளம். எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
3. இழுவிசை: எத்தனை பவுண்ட்?
4. வில்லின் வயது, ஃபாஸ்ட் ஃப்ளைட்டுக்கு ஏற்றது என்ற குறிப்பு இருக்கிறதா?
5. அம்பின் நாக் அளவு. முடிந்தால் ஒரு அம்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்துக்கே வருவோம். 62 அங்குலம், 45 பவுண்ட், எப்போது செய்தது என்று தெரியாத பழைய ரிகர்வ். அதற்குக் கேட்க வேண்டியது: நிஜ நீளம் 58 அங்குலம், டாக்ரான், 12 அல்லது 14 இழை, ஃபிளெமிஷ் முறுக்கு.

வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிடுங்கள். இரண்டாவது நாணையும் மாட்டிச் சில நாட்கள் எய்து, அளவு நிலைத்ததும் கழற்றிப் பையில் வையுங்கள். ஒரு நாண் தேய ஆரம்பித்தால், 'இன்னிக்கு மட்டும் இதையே வச்சு எய்துடுவோம்' என்ற எண்ணம் வராமல் இருக்க அதுதான் நல்ல வழி.